நோயாளி இருவர், உடன்வருபவர் இருவர்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி கிரெடிட் கார்டு விற்கிறவர்களுடையவை. மீதியில் பெரும்பங்கு அஸ்வினியுடையது. ஆஸ்பத்திரியில் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்த மேஜையில் இப்போது உட்காரும் பெண் அவள். கெட்டிக்காரி. ஒரே குறை, எதையும் நேராகக் கேட்கமாட்டாள். முதலில் என் முழங்கால் வலியை விசாரிப்பாள், பிறகு என் வீட்டுக்காரரை, பிறகு மழையை. போன வாரம் அவள் மழைக்கு வந்தபோதே நான் மறித்துவிட்டேன்.

"விஷயத்துக்கு வா அஸ்வினி."

"ஒண்ணும் இல்ல மேடம். புதுசா ஒரு மேனேஜர் வந்திருக்காரு. வெளிநாட்டு பேஷண்டுக்கு நாம அனுப்பற லெட்டர்ல, உறுப்பு குடுக்கற டோனரை ரெண்டாவது பேஷண்ட்னு போடறோம்ல, அது ஏன்னு கேக்கறாரு. மத்த எடத்துல எல்லாம் கூட வர்றவங்க லிஸ்ட்லதான் போடறாங்களாம். மாத்திடலாமான்னு..."

"மாத்தாதே."

"ஏன்னு கேட்டா என்ன மேடம் சொல்றது?"

"எழுதி அனுப்பறேன், படிக்கச் சொல்லு" என்றேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தால் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. மேனேஜருக்கு அவசரம் என்றால் கொஞ்சம் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கட்டும், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிற கூட்டத்தில் சேர்ந்தேன். அந்த ரயிலில் உட்கார இடம் பிடிப்பதற்கும் ஆஸ்பத்திரியில் வேலை பிடிப்பதற்கும் அதிக வித்தியாசம் இல்லை, இரண்டுக்கும் முழங்கை வேண்டும். பில்லிங் பிரிவில் டைப்பிஸ்ட் ஆனேன். கல்யாணம் ஆகிப் பெங்களூர் ஜீவனஹள்ளியில் குடியேறினேன். வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது என்னை அங்கே தூக்கிப் போட்டார்கள். திறமையைப் பார்த்து இல்லை. தங்கவயலில் வளர்ந்தவளுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வாயில் ஓடும். ஜீவனஹள்ளியில் பக்கத்து வீட்டு உருதுவும் வந்து ஒட்டிக்கொண்டது. பிலோமினாவை எங்கே விட்டாலும் பேசியே சமாளித்துவிடுவாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது பாராட்டா புகாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வைத்தியத்துக்கு வெளிநாடு போவது என்றால் நம் ஊரில் அமெரிக்கா, லண்டன் என்று நினைப்பார்கள். உலகத்தில் நிறையப் பேருக்கு அந்த வெளிநாடு நம் பெங்களூர்தான். வங்கதேசத்திலிருந்தோ ஓமானிலிருந்தோ ஒருவர் தன் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் மெயிலில் அனுப்புவார். அதை உரிய டாக்டரிடம் காட்டி, இங்கே வந்தால் என்ன செய்ய முடியும் என்று பதில் வாங்கி அனுப்புவோம். வருகிறேன் என்றால் ஆஸ்பத்திரியின் தாளில் ஓர் அழைப்புக் கடிதம் தயாரிப்போம். நோயாளியின் பெயர், பாஸ்போர்ட் எண், என்ன நோய், என்ன சிகிச்சை, கூட வருகிறவர் யார். அதைக் காட்டித்தான் அவர் தன் ஊரிலுள்ள நம் தூதரகத்தில் மருத்துவ விசா கேட்க முடியும். கூட வருகிறவரை ஆஸ்பத்திரிப் பேச்சில் அட்டெண்டர் என்போம். மாமா, சித்தப்பா, மச்சான் என்று இரண்டு மூன்று பேரைத் தாராளமாகப் போடுவோம்.

உறுப்பு மாற்று ஆபரேஷன் என்றால் உறுப்பு கொடுக்கிறவரும் வர வேண்டும். அவரையும் அட்டெண்டர் பட்டியலில் முதல் ஆளாகப் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் டோனர் என்று எழுதிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். யாராவது கேட்டால், அவருக்கு என்ன நோயா, நடந்துதானே வருகிறார் என்று சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் நாகராஜ் சார். பூர்வீகம் மண்டியா, வளர்ந்தது பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த அல்சூர். அதனால் தமிழ் சரளமாகப் பேசுவார், நடுநடுவே கன்னடம் தானாக வந்து விழும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முடியாது என்ற சொல்லும் அவர் வாயில் வராது. 'நோடோண' என்பார், பார்க்கலாம் என்று அர்த்தம். அந்த நோடோணவில் பல வகை உண்டு. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னால் காரியம் நடக்கும். ஜன்னலைப் பார்த்துச் சொன்னால் நாம் வேறு வழி தேடிக்கொள்ள வேண்டும். எழுந்து நின்று சொன்னால் அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், நமக்குத் தகவல் சொல்கிறார், அவ்வளவுதான்.

கடிதங்களில்தான் அவருடைய விசித்திரம். எந்தக் கடிதத்தையும் கண்ணால் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடமாட்டார். நாற்காலியை விட்டு எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி முழுவதையும் சத்தமாக வாசிப்பார். பாஸ்போர்ட் எண்ணைக்கூட ஒவ்வொன்றாக உச்சரிப்பார். நடுவில் மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இதைப் படிக்கறவரு நம்ம முகத்தைப் பாக்கமாட்டாரு ஃபிலோ. நம்ம குரலாவது அவருக்குக் கேக்கணும்" என்பார்.

முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரேடியோ. அது அவருக்குத் தெரியும் என்பது, ஒருநாள் அவரே "ரேடியோ இன்னிக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பெருந்தொற்று வந்தது. விமானங்கள் நின்றன. எங்கள் பிரிவில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். நான் வருகிறேன் என்றேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது, அதையும் வீட்டில் உட்கார்ந்து கழிக்க மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் தினமும் சாயங்காலம் வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு காவல் நிற்பார். கல்யாணமான புதிதில்கூட மனுஷர் எனக்காக அவ்வளவு ஆவலாக வாசலில் நின்றதில்லை. ஆபீசில் நாகராஜ் சார் மாஸ்க்கும் அதற்கு மேல் முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தட்டியும் போட்டுக்கொண்டு கடிதம் வாசித்தார். மூச்சுக் காற்றில் தட்டி மங்கிவிடும். துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வாசிப்பதை மட்டும் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இலங்கையிலிருந்து சுகந்தி போன் செய்தாள். வவுனியாக்காரி. குழந்தையின் பெயர் யாழினி, இரண்டு வயது நிறையவில்லை. பிறவியிலேயே பித்தக்குழாய் சரியாக அமையாமல் கல்லீரல் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அங்கே ஓர் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கிறார்கள், பலன் இல்லை. கல்லீரலை மாற்றினால்தான் பிழைப்பாள் என்ற நிலை. சுகந்தியின் ரத்தம் சேரவில்லை. அப்பா பிரதீபனுடையது சேர்ந்தது.

வீடியோவில் குழந்தையைக் காட்டினாள். கண் இரண்டும் மஞ்சள், வயிறு உப்பியிருந்தது, கைகாலில் சதையே இல்லை. மாஸ்க் போட்ட ஒரு கிழவி போனில் தெரிந்தால் எந்தக் குழந்தையும் வீறிடும். இவள் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அழமாட்டாளாம்மா?" என்று கேட்டேன்.

"அழுறதுக்கும் சத்தில்லை அக்கா இவளுக்கு. வாயைத் திறப்பாள், சத்தம் வராது. அவளுக்கும் சேர்த்து நான்தான் அழுறன்" என்றாள் சுகந்தி.

எங்கள் கல்லீரல் சர்ஜன் டாக்டர் வசுந்தரா ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார். இந்த மழைக்காலம் முடிவதற்குள் வந்தால் செய்யலாம், அதற்கப்புறம் வந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, மழை நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒரு நோயாளி நாடு விட்டு நாடு வருவதென்றால் என்ன பாடு என்று இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள். அங்கிருந்து கிளம்ப அந்த ஊர் அனுமதி, இங்கே நுழைய நம் ஊர் அனுமதி. சிறப்பு விமானத்தில் இடம். அது சென்னையில் இறக்கிவிடும், அங்கிருந்து ஆம்புலன்சில் மாநில எல்லையைத் தாண்ட ஒரு பாஸ். தொற்று இல்லை என்ற பரிசோதனைச் சான்று. ஒன்று கைக்கு வந்து அடுத்தது கிடைப்பதற்குள் முதலில் வந்தது காலாவதியாகிவிடும். நானும் சுகந்தியும் தினமும் பேசினோம். போனை முதலில் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. எதிரில் இருப்பவர் சொல்ல நினைத்ததைக் கடைசியில்தான் சொல்வார் என்பது இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம்.

வழக்கப்படி முதல் கடிதம் போனது. நோயாளி ஒருவர், யாழினி. அட்டெண்டர் இருவர், டோனரான அப்பா, பிறகு அம்மா. பதில் வந்தது. இப்போதைய நிலையில் ஒரு நோயாளிக்கு ஓர் அட்டெண்டர்தான், ஒரு பெயரை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்புங்கள்.

யார் பெயரை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அப்பா வராவிட்டால் ஆபரேஷனே கிடையாது. சுகந்தியிடம் நான்தான் சொன்னேன்.

"ஓம் அக்கா. அவர் போகட்டும். நான் வராட்டிப் பரவாயில்லை, பிள்ளை தப்பினால் காணும்" என்றாள் உடனே. சொல்லிவிட்டு அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"என்ர தலைமயிரைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் அக்கா அவள் நித்திரை கொள்ளுவாள். அவருக்குத் தலையில மயிர் குறைவு" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் என்ன செய்ய, சுகந்தியின் பெயரை எடுத்துவிட்டு இரண்டாவது கடிதத்தை அடித்து நாகராஜ் சாரிடம் நீட்டினேன்.

அவர் எழுந்து வந்து நின்று வாசித்தார். நோயாளி யாழினி, பாஸ்போர்ட் எண், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. உடன்வருபவர் ஒருவர், தகப்பனார், இவரே கல்லீரலின் ஒரு பகுதியைத் தருபவர். அந்த இடத்தில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கவில்லை, வாக்கியமும் நீளமில்லை. அதே வரியை மறுபடி வாசித்தார்.

"ஃபிலோ, ஆபரேஷன் தினம் இந்த அப்பா எங்க இருப்பாரு?"

"தியேட்டர்ல சார்."

"மகு?"

"குழந்தை பக்கத்து தியேட்டர்ல."

"வெளிய பெஞ்ச்ல யாரு?"

அந்த பெஞ்ச் எனக்குத் தெரியும். தியேட்டர் கதவுக்கு எதிரே போட்டிருக்கும் இரும்பு பெஞ்ச். நடுவில் ஏதாவது ஒன்று என்றால் டாக்டர் கதவைத் திறந்து வந்து அதில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் பேசுவார், அவரிடம்தான் கையெழுத்து வாங்குவார். மாமா, சித்தப்பா, மச்சான் என்று கூட்டமாக வந்துகொண்டிருந்தவரை அந்த பெஞ்ச் காலியாக இருந்ததில்லை. அதனால் எங்கள் கடிதத்தில் இருந்த ஓட்டையும் யார் கண்ணிலும் படவில்லை. இந்த முறை, குழந்தைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அப்பாவே மயக்கத்தில் கிடப்பார்.

"அட்டெண்டரே படுத்துட்டா, அட்டெண்டருக்கு யாரு அட்டெண்டர்?" என்றார் சார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. "டாக்டரம்மாவைக் கேட்டுட்டு வா."

டாக்டர் வசுந்தரா அப்போதுதான் ஓர் ஆபரேஷனை முடித்துவிட்டு வராந்தாவில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் மாஸ்க் அழுத்திய தடம் சிவந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"வெளிய ஆள் இல்லாம நான் கையே வைக்கமாட்டேன் ஃபிலோ. அன்னிக்கு எனக்கு ரெண்டு டேபிள், ரெண்டு பேஷண்ட். தனித்தனி ஃபைல், தனித்தனி பெட். ரெண்டு பேருக்கும் எதுவும் ஆகலாம். நான் யார்கிட்டப் போய் சொல்றது, சுவத்துக்கிட்டயா?"

எரிச்சலாகத்தான் சொன்னார். ஆறவிட்ட காப்பிக்கும் சேர்த்து எரிச்சல். நான் கீழே வந்து, அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சாரிடம் ஒப்பித்தேன். சுவர் வரைக்கும் சொன்னேன்.

சார் கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர் ரெண்டு பேஷண்ட்ங்கறாங்க. நம்ம லெட்டர்ல மட்டும் ஏன் ஒண்ணு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நோயாளிக்கு ஓர் அட்டெண்டர் என்பதுதானே விதி. நோயாளி இருவர் என்றால் உடன்வருபவரும் இருவர். யாழினிக்கு அவள் அம்மா. அப்பாவுக்கு இன்னொருவர். புதிதாக எதையும் ஜோடிக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குள் எப்போதும் நடப்பதைத்தான் தாளில் எழுதப் போகிறோம். நாங்கள்தான் இத்தனை வருஷம் அப்படி எழுதாமல் இருந்திருக்கிறோம்.

"நோடோண" என்றார் சார். கண்ணாடி கையில்தான் இருந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

மூன்றாவது கடிதம் போனது. பிரதீபனுக்கு உடன்வருபவராக அவருடைய தம்பி ரமணனின் பெயரைப் போட்டோம். கடிதம் போன பிறகு தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். அமைதியான ஆங்கிலம், அளந்து பேசினார்.

"இந்தத் தகப்பனாரை உங்கள் முதல் கடிதத்தில் உடன்வருபவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழே உங்கள் முத்திரை இருக்கிறது. ஒருவருக்குத்தான் அனுமதி என்று நாங்கள் சொன்னதும் அவர் நோயாளி ஆகிவிட்டாரா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. இல்லாத நோயைச் சொல்லி விமானத்தில் இடம் பிடிக்கப் பார்த்தவர்களை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஆனால் அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே மழை குறையத் தொடங்கியிருந்தது. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். நான் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் படபடவென்று பேசிவிட்டேன்.

"சார், அவர் நோயில்லாமல்தான் இங்கே வந்து இறங்குவார். வந்த பிறகு நாங்கள்தான் அவரை நோயாளி ஆக்கப் போகிறோம். வயிற்றைத் திறந்து கல்லீரலில் ஒரு பங்கை வெட்டி எடுப்போம். கட்டிலை விட்டு எழுந்திருக்க அவருக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். அவரை உடன்வருபவர் என்று எழுதினது எங்கள் பழக்கம். எங்கள் பழக்கம்தான் முட்டாள்தனம், அவர் மேல் தப்பில்லை."

நான் போனை வைக்கவில்லை.

"கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு, மற்றதை எழுதி அனுப்புங்கள். சர்ஜனின் கையெழுத்தோடு" என்றார் அவர். குரலில் சிரிப்பு இருந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

டாக்டர் வசுந்தரா எழுதிக் கொடுத்தார். நாகராஜ் சார் அதை நின்றுகொண்டு வாசித்தார். முடித்ததும், யாரும் கேட்காமலே மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இருபது வருஷத்தில் அவர் ஒரு கடிதத்தை முழுசாக இரண்டு தடவை வாசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அனுமதி வந்தது. சுகந்திக்கு நான் போன் செய்தேன்.

"நீயும் வர்றம்மா" என்றேன்.

"ஆர், நானோ?" என்றாள். "நானும் வரலாமோ அக்கா?" அப்புறம் அழுதுவிட்டாள். பிரதீபன் போனை வாங்கி, "அக்கா, அக்கா" என்று இரண்டு தடவை சொன்னார், பிறகு அவரும் அழுதார். நானும் அழுதேன். பக்கத்து மேஜையில் ஆள் இல்லாதது வசதியாகப் போயிற்று.

ஆனால் புறப்படுகிற சமயத்தில் தம்பி ரமணனுக்குப் பரிசோதனையில் தொற்று என்று வந்துவிட்டது. வேறொருவரின் பெயரைச் சேர்த்து அனுமதி வாங்க நேரமில்லை. மூன்று பேர் மட்டும் விமானம் ஏறினார்கள். அத்திப்பள்ளி எல்லைச் சாவடியில் பேசி வைக்க நாகராஜ் சாரே போனார். ஊருக்கு வெளியே இருக்கும் ஹெப்பகோடியைத் தாண்டியதும் ஆம்புலன்ஸ் டிரைவர் எனக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் கதவு திறந்தபோது நான் தள்ளி நின்று பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முஷ்டிக்குள் சுகந்தியின் பின்னல் இருந்தது.

தனிமைப்படுத்தல், பரிசோதனைகள், உறுப்பு கொடுக்க அனுமதிக்கும் குழுவின் விசாரணை என்று எல்லாம் முறைப்படி நடந்து ஆபரேஷன் நாள் வந்தது. சுகந்தி இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை கதவு திறந்தது, டாக்டர் வந்து ஏதோ கேட்டார், அவள் கையெழுத்துப் போட்டாள். தூரத்திலிருந்து அதைப் பார்த்தபோது, அவள் இங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் டாக்டர் வசுந்தரா வெளியே வந்து, இரண்டு பேருமே நன்றாக இருக்கிறார்கள் என்றார்.

குழந்தையை அவளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூட இருக்கிறவர் வேறு வார்டுக்குப் போய் வரக் கூடாது, தொற்று பயம். சுகந்தி அங்கே போய்விட்டாள். வேறொரு மாடியில் பிரதீபன் தனியாக.

மறுநாள் காலை நாகராஜ் சார் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"நாம அனுமதி வாங்கினது ரெண்டு அட்டெண்டருக்கு ஃபிலோ. ஒரு எடம் சும்னே காலியா கெடக்குது. நோடோண."

அவர் நின்றுகொண்டு சொன்னார். பிரதீபனுக்குத் துணையாக என்னை உட்கார வைக்க மேலிடத்தில் ஏற்கெனவே அனுமதி வாங்கிவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வார்டு வாசலில் அட்டெண்டர் பாஸ் எழுதுகிற காவலாளி புதியவர். நோயாளி பெயரை எழுதினார், என் பெயரை எழுதினார். பிறகு நிமிர்ந்து, "பேஷண்ட்கே நீவு ஏனாகபேகு மேடம்?" என்று கேட்டார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்கிறார். ஆயிரக்கணக்கான பேரிடம் நான் கேட்ட கேள்வி அது. கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்குகிறது, ஸ்டாஃப் என்று சொன்னால் அட்டெண்டர் பாஸ் தரமாட்டார்.

"அக்கா" என்றார் பின்னால் நின்ற நாகராஜ் சார்.

கன்னடத்திலும் அதே சொல்தான். காவலாளி எழுதிக்கொண்டு, என் மணிக்கட்டில் காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினார்.

உள்ளே பிரதீபன் பாதி மயக்கத்தில் கிடந்தார். கவச உடைக்குள் இருந்த என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் கண் திறந்தார். "பிள்ளை?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டார். உதடு காய்ந்தால் நனைத்துவிட்டேன், இருமினால் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்தேன். அவரை நோயாளி ஆக்கப் போகிறோம் என்று அதிகாரியிடம் வீராப்பாகச் சொன்னவள் நான்தான். சொன்னது எவ்வளவு உண்மை என்று பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

அவரை முதல் முறை எழுப்பி உட்கார வைத்த அன்று சுகந்தி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். அவள் பேசுவதற்கு முன்பே பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் கீச்சென்று, பிறகு தொண்டை திறந்து, கோபமாக.

"கேக்குதோ அக்கா? ஊசி போட வந்த நர்ஸுக்கு ஏச்சு விழுது" என்றாள் சுகந்தி.

பிரதீபன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அழுறாள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, எனக்குக் கேட்டிருக்காது என்பது போல, "அக்கா, பிள்ளை அழுறாள்" என்று சிரித்தார். தையல் இழுக்கும், சிரிக்காதீர்கள் என்று அதட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே இருந்தார்.

அஸ்வினி, உன் மேனேஜருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் பிரிவிலிருந்து போன எந்தக் கடிதத்திலும் டோனர் அட்டெண்டர் பட்டியலில் இருந்ததில்லை. அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், எழுந்து நின்று அந்த வரியை ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல். வாசித்துவிட்டு, வெளியே பெஞ்சில் யார் என்று அவரையே கேள்.

எனக்கு ஓய்வில் குறை ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்காரரோடு நடக்கிறேன், சண்டை போடுகிறேன், இரண்டுமே உடம்புக்கு நல்லது. நாகராஜ் சார் மண்டியாப் பக்கம் போய்விட்டார். போனில் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறார், தப்பிக்க வழியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சுகந்தி கூப்பிட்டாள். யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

"ரீச்சர் கூப்பிட்டு முறைப்பாடு சொல்லுறா அக்கா. வகுப்பில வாய் மூடுறாளில்லையாம், ஒரே சத்தமாம். நாங்கள் சொன்னால் கேக்கிறாளில்லை. நீங்களெண்டாலும் ஒருக்காச் சொல்லுங்கோ."

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். கண்டிப்பான குரலைத் தயார் செய்துகொண்டேன். அப்பாவின் அக்காவை நாம் அத்தை என்போம், அவர்கள் ஊரில் மாமி. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "மாமீ" என்று காது கிழியக் கத்தினாள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.